ஓநாய்தான் முதலில் தூங்கியது

மலைப்பாதையில் நடக்க வருகிறவர்களிடம் நான் எப்போதும் முதலில் சொல்வது காலுறையைப் பற்றித்தான். இரண்டு ஜோடி வேண்டும், இன்ஸ்பெக்டர் அம்மா. ஒன்று காலில், ஒன்று பையில். நவம்பரில் எங்கள் பெனாடுரா மலையில் மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை. புல்லிலிருந்தும் புதரிலிருந்தும் வரும். உங்கள் ஷூ நனைந்திருப்பதைப் பார்த்தேன். காலையில் அந்தக் குழிவரை நடந்திருக்கிறீர்கள் போல. அந்த ஹீட்டரைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். எனக்குக் குளிரவில்லை.

என் பெயர் எர்மெலிந்தா தவாரெஸ். வயது அறுபத்து நான்கு. கல்யாணம் ஆகவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகள் குறைந்துபோய்ப் பள்ளியை மூடியபோது என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒடேத் வந்து கதவைத் தட்டினாள்.

"ஏண்டி, சட்டி பானையைக் கட்டிப்பிடிச்சுட்டே கிழவியாகப் போறியா? கிளம்பு. காடு வெட்டப் போறோம்."

ஒடேத் எங்கள் ஊர்த் தபால்காரி. அவள் தபால் பை சுமந்து நடக்காத பாதை இந்த மலையில் இல்லை. முள் மூடிப்போன அந்தப் பழைய பாதைகளையெல்லாம் ஒன்றாக இணைத்து, வெளியூர்க்காரர்கள் நடந்து பார்க்க வருகிற மாதிரி ஒரே சுற்றுப்பாதையாக ஆக்கவேண்டும் என்பது அவள் யோசனை. மாதா கோயிலில் தொடங்கி, ஆற்றோரத்துப் பழைய தண்ணீர் ஆலைகள், ரோமானியப் பாலம், அங்கிருந்து ஏறினால் ஓநாய்க்குழி, அதற்கும் மேலே உச்சியில் சின்ன தேவாலயம், பிறகு இறக்கம். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர்.

பாலத்தைக் கட்டியவர்கள் ரோமானியர் இல்லை. ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார். ஒடேத் அசரவில்லை. "ரோமானியப் பாலம்னு எழுதினா நாலு பேர் வருவான். எவனோ கட்டின பாலம்னு எழுதினா ஆடுதான் வரும்" என்றாள். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவளிடம் யாராலும் கோபமாக இருக்க முடியாது. அந்த வித்தை எனக்கு வராது.

ஆறு வருடம் இருவரும் அரிவாளும் கையுமாக அந்த மலையில் கிடந்தோம். நகராட்சியோடு பேசுவது அவள் வேலை. பாறையில் குறி தீட்டுவது என் வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மஞ்சளும் சிவப்புமாக இரண்டு கோடுகள் இணையாகப் போனால் சரியான வழி. குறுக்கே பெருக்கல் குறி மாதிரி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. என் கோடுகள் நேராக இருக்கும். அளவுகோல் வைத்துத் தீட்டியதா என்று நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஓநாய்க்குழியைத் துப்புரவாக்க மட்டும் இரண்டு கோடைக்காலம் பிடித்தது. மலைச்சரிவில் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் இரண்டு கல்மதில்கள் மேலே அகலமாகத் தொடங்கி, இறங்க இறங்க நெருங்கி, கடைசியில் ஒரு வட்டக் குழியில் முடிகின்றன. அந்தக் காலத்தில் ஊரே திரண்டு தகரத்தைத் தட்டிக்கொண்டு ஓநாயை அந்த மதில்களுக்கு நடுவே விரட்டும். அது ஓடிவந்து குழியில் விழும். நான்கு மீட்டர் ஆழம். சுவர் மேலே போகப்போக உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஓநாயே ஏற முடியாதபடி கட்டியது.

மற்ற இடங்களைவிட அந்த இடத்தில் நான் அதிகம் உழைத்தேன். அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா அல்பானோ பேசாத மனிதர். திட்டுவதற்குக்கூட வாயைத் திறக்கமாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். வருடத்தில் ஒரே ஒரு நாள், அந்த வருடத்து முதல் செஸ்நட் கொட்டையைச் சுட்டுத் தின்னும் நாளில், இரண்டு கோப்பை திராட்சை ரசம் உள்ளே போனபிறகு ஒரு கதை சொல்வார். 1944ஆம் வருடம். அவருக்குப் பத்தொன்பது வயது. பனியில் தொலைந்த ஆட்டைத் தேடிப் போனவர் கால் சறுக்கி அந்தக் குழிக்குள் விழுந்துவிட்டார். உள்ளே ஏற்கெனவே ஓர் ஓநாய் இருந்தது. இவர் ஒரு பக்கச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார், அது எதிர்ப்பக்கம். விடியும்வரை ஒருவரையொருவர் பார்த்தபடியே இருந்தார்கள். "ஓநாய்தான் முதல்ல தூங்கிச்சு" என்று முடிப்பார். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார். வேறு எதற்கும் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசி பதினேழு வருடம் அவர் படுக்கையில் கிடந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். பிரான்சுக்கு வேலைக்குப் போன ஒருவர் என்னை அங்கே கூப்பிட்டார். மூன்று வருடம் கடிதம் எழுதினார், பிறகு நிறுத்திவிட்டார். அந்தக் கடிதங்களைக் கொண்டுவந்து கொடுத்தவளும் ஒடேத்தான். அப்பா போனபிறகு எனக்கு மிஞ்சியது இரண்டு அறையுள்ள ஒரு வீடும் அந்தக் கதையும். கதையை ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். எங்களுக்கு இருபது வயது இருக்கும். துணி துவைக்கிற தொட்டியடியில் உட்கார்ந்திருந்தோம். ஒடேத் முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒடேத் பேசாமல் இருந்தது அபூர்வம். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நகராட்சி வேனில் அறிவிப்புப் பலகைகள் வந்து இறங்கின. ஞாயிற்றுக்கிழமை பாதைத் திறப்பு விழா. எழுத வேண்டியதையெல்லாம் ஒடேத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். மூன்றாவது பலகையின் பிளாஸ்டிக் உறையை நான் பிரித்தேன். ஓநாய்க்குழிக்கான பலகை. அதில் இப்படி இருந்தது: '1944ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இவ்வூரைச் சேர்ந்த ஃபெலிஸ்மினோ மெய்ரெலெஸ் இக்குழியில் தவறி விழுந்து ஓர் ஓநாயுடன் ஓர் இரவைக் கழித்தார். ஓநாய்தான் முதலில் தூங்கியது என்று அவர் சொல்வதுண்டு.'

ஃபெலிஸ்மினோ ஒடேத்தின் தாத்தா.

மூன்று முறை படித்தேன். பிறகு கேட்டேன். "இது யார் கதை, ஒடேத்?"

அவள் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "அப்புறம் பேசலாம்டி. ஞாயித்துக்கிழமை முடியட்டும். ஒரு நாள் உட்கார்ந்து நிதானமாச் சொல்றேன்."

"இப்பவே சொல்லு."

"உனக்கு வருத்தமா இருக்கும்னு தெரியும். முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், தப்புதான். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா பலகையில எழுதினதை மாத்த முடியாது, எர்மெலிந்தா. என்னை விட்டுடு."

நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அமைதியை அவளால் தாங்க முடியவில்லை. பேசியே பழகியவள். "வேணும்னா ஒண்ணு செய்யலாம். ரோமானியர் கட்டாத பாலத்தை உங்க அப்பா கட்டினார்னு எழுதிடலாம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் புதன்கிழமை. விழாவுக்கு முன் குழியில் விழுந்திருக்கும் சருகையெல்லாம் அள்ளிவிட வேண்டும் என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். ஏணியைப் புதருக்குள் எப்போதும் வைத்திருப்போம். இருவரும் இறங்கினோம். ஒரு மணிநேரம் வாரினோம். அவள் முழங்கால் வலிக்கிறது என்றாள். "நீ உட்காரு. நான் மேலே போய்க் கயிறு போடறேன், கூடையைக் கட்டி விடு" என்றேன். மேலே வந்தேன். கூடை நான்கு முறை வந்தது. நான்காவது கூடையைக் கொட்டிவிட்டு ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன்.

அது கனமில்லாத ஏணி. அலுமினியம்.

முதலில் அவள் சிரித்தாள். "சரிடி, புரிஞ்சுது. கோபம் தீர்ந்துச்சா? ஏணியைப் போடு, சாப்பிடலாம்." நான் குழியின் விளிம்பிலிருந்த கல்லில் உட்கார்ந்தேன். "அது யார் கதைன்னு சொல்லு. போடறேன்" என்றேன். ஒரு மணிநேரம்தான் நினைத்திருந்தேன், இன்ஸ்பெக்டர் அம்மா. அந்த ஒரு மணிநேரத்தில் அவள் என்னைத் திட்டினாள், கெஞ்சினாள், ஜோக் சொன்னாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மழை தூற ஆரம்பித்தது. நான் கிளம்பிவிட்டேன்.

இறங்கும் வழியில் இரண்டு இடங்களில் குழிக்குப் போகும் பாதை பிரிகிறது. பையில் பெயின்ட் இருந்தது. இரண்டு இடத்திலும் பெருக்கல் குறி போட்டேன். தெரியாதவர்கள் வந்து தொந்தரவு செய்யக்கூடாது, எங்களுக்குள் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம். ஒடேத்தின் பையும் கைப்பேசியும் மேலேயே இருந்தன. அவற்றைப் பாலத்துக்குக் கீழே ஒரு கல்லிடுக்கில் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று கேட்டீர்கள். நனையாமல் இருக்கும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவள் வீட்டுக் கதவில் ரொட்டிக்காரர் மாட்டிவிட்டுப் போன பை அப்படியே தொங்கியது. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். பத்து மணிக்குள் ஊரே கோயில் முன்னால் கூடிவிட்டது. தீயணைப்புத் தலைவர் எவரிஸ்டோ நேராக என்னிடம்தான் வந்தார். "எர்மெலிந்தா அக்கா, இந்த மலை உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஆளைப் பிரிச்சுவிடுங்க" என்றார். பிரித்துவிட்டேன். ஆற்றோரத்துக்கு எட்டுப் பேர். ஆலைகளுக்கு ஐந்து பேர். தேவாலயத்துக்கு மறுபக்கச் சாலை வழியாக ஜீப். "ஓநாய்க்குழிப் பக்கம் நான் பார்த்துக்கறேன். அங்கே வழுக்கும், பழக்கமில்லாதவங்க விழுந்துடுவாங்க" என்றேன். கவனமாப் போங்கக்கா என்றார்.

நான் போய்க் குழிக்குள் எட்டிப் பார்த்தபோது ஒடேத் பகல் வெளிச்சத்தில் முகம் வெளுத்திருந்தாள். சருகையெல்லாம் நாங்களே வாரிவிட்டிருந்தோம், போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உங்க அப்பா கதைதான். நான் திருடிட்டேன். பலகையை மாத்திடறேன். போதுமா? ஏணியைப் போடுடி."

"முழுசாச் சொல்லு" என்றேன்.

சொன்னாள். ஆடு, பனி, சுவர், ஓநாய், எல்லாம் சரியாகவே சொன்னாள். ஆனால் முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவள் நான். கீரையைத் தின்றுவிட்டேன் என்று இனிப்புக்காகப் பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம். மனதிலிருந்து வரவில்லை. அதை ஏற்றுக்கொண்டு ஏணியைப் போட்டிருந்தால் நாங்கள் இருவருமே பொய்யர்களாகியிருப்போம். நான் எனக்கென்று கொண்டுபோயிருந்த கோஸ்கீரை சூப்பை அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். அதன் வாசனை கீழே போயிருக்கும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

அன்று மாலைக்குள் பாலத்தடியில் பையைக் கண்டெடுத்துவிட்டார்கள். ஆற்றில் முங்கித் தேடுகிறவர்கள் வந்தார்கள். போர்ட்டோ நகரத்திலிருந்து அவள் மகள் லிடியா வந்து இறங்கினாள். காரை விட்டு இறங்கியதும் வேறு யாரிடமும் போகாமல் என்னைத்தான் கட்டிக்கொண்டாள். "சித்தி, அம்மா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? மனசு கஷ்டமா இருந்தாங்களா?" என்று கேட்டாள். கலகலப்பாகத்தான் இருந்தாள் என்றேன். அது உண்மை. அந்தப் பிள்ளைக்கு மக்காச்சோள ரொட்டியும் சூப்பும் கொடுத்து, என் வீட்டிலேயே தங்கவைத்தேன்.

வெள்ளிக்கிழமை நான் போனபோது ஒடேத் எழுந்திருக்கவில்லை. ராத்திரி முழுக்க மழை. குரல் உடைந்திருந்தது. ஆனால் கோபம் இல்லை. அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது.

"உக்காரு, எர்மெலிந்தா. சொல்றேன். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது. விழுந்தது எங்க தாத்தாதான். ஓநாய்தான் முதல்ல தூங்கிச்சுன்னு அவர் சாராயக் கடையில ஊருக்கே சொல்லுவார். உங்க அப்பாவும் அங்கேதான் கேட்டிருக்கணும்."

"பொய்."

"இதோ, எனக்குப் பின்னாடி கல்லுல அவர் பேரோட முதல் எழுத்து ரெண்டும் இருக்கு. கத்தியால கீறியிருக்கார், வருஷத்தோட. பாசிக்கடியில. நேத்துத்தான் என் கையில தட்டுப்பட்டுச்சு." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணும் இருக்கு. அன்னிக்கு ராத்திரி தாத்தா கத்திட்டே இருந்தாராம். விடியறப்போ ஒரு பையன் வந்து எட்டிப் பார்த்தானாம். ஆட்டைத் தேடி வந்தவன். தாத்தா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையை நீட்டினார். அவன் பயந்துட்டான். திரும்பி நடந்துட்டான். ஊர்ல போய் யார்கிட்டயும் சொல்லவும் இல்லை. மத்தியானத்துக்கு மேலதான் வேற ஆளுங்க வந்து தூக்கினாங்க. தாத்தாவோட ரெண்டு கால்விரல் பனியில போச்சு."

நான் குனிந்து ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டினேன்.

"அந்தப் பையன் உங்க அப்பா. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியும். தொட்டியடியில நீ எங்கிட்ட அந்தக் கதையைச் சொன்ன அன்னிக்கு வீட்டுக்குப் போய் எங்க அம்மாகிட்டச் சத்தியம் வாங்கினேன். எர்மெலிந்தா காதுல இது விழக்கூடாதுன்னு. நாப்பத்து மூணு வருஷம் ஆச்சு. ஒருத்தரும் உங்கிட்டச் சொல்லலையே, கவனிச்சியா? பலகையில எழுதுறப்போ ரெண்டு நாள் யோசிச்சேன். நாலு பேர் படிக்கப்போறது, பொய் எழுத மனசு வரலை. அதான் உங்க அப்பா பேரே வராம எழுதினேன். அதுக்கு மேல எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலைடி."

கையை மேலே நீட்டினாள். "குளிருதுடி. வீட்டுக்குப் போலாம்."

பசியும் குளிரும் சேர்ந்தால் மனிதர்கள் எதையாவது பேசுவார்கள். அப்பாவின் கடைசி மாதங்களில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவரும் படுக்கையில் கிடந்து, "கூப்பிடறான், கூப்பிடறான்" என்று புலம்புவார். அதற்கெல்லாம் அர்த்தம் தேடக்கூடாது. அவள் பேச்சுக்கும் நான் அர்த்தம் தேடவில்லை. எழுந்து, கைத்தடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதல் திருப்பம்வரை அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது கேட்டது. எவரிஸ்டோவிடம் மேல்பாதையில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். அவர் வரைபடத்தில் அந்தப் பகுதியைப் பென்சிலால் அடித்துவிட்டார்.

என்னைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் அம்மா. அவள் சொன்னது பொய்யென்றால், உடன்பிறந்தவள் மாதிரி இருந்தவள் என் அப்பாவைத் திருடியதோடு நிற்காமல் அவரை இழிவும் செய்தாள். உண்மையென்றே வைத்துக்கொள்வோம், பேச்சுக்காக. அப்படியானால் நாற்பத்து மூன்று வருடமாக இந்த ஊரில் ஒவ்வொருவரும் என் முகத்துக்கு நேரே காலை வணக்கம் சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் எனக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் என் கையால் சூப் வாங்கிக் குடித்த பிள்ளைகள்கூட. எதை நான் மன்னித்திருக்க வேண்டும், சொல்லுங்கள்.

சனிக்கிழமை காலையில் இரண்டு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் ஏணியைப் போட்டு இறங்கினேன். அவள் சுவரோடு சுவராக, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. என் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினேன். பிறகு அவளைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது, அந்தக் கல் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்ததால். எழுத்து இருந்தது. இரண்டு எழுத்தும் ஒரு வருடமும். கூரான ஒரு கல்லை எடுத்து அதைத் தேய்த்தேன். முக்கால் மணிநேரம் ஆனது. உங்கள் ஆட்கள் படமெடுத்த வெள்ளைத் தழும்பு அதுதான். நிலச்சரிவில் உரசியது என்று முதலில் சொன்னேன். அது சரியில்லை. நான்தான் செய்தேன்.

மத்தியானம் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு தம்பதி அவளைக் கண்டுபிடித்தார்கள். என் பெருக்கல் குறிகளை அவர்கள் பார்க்கவே இல்லையாம். இப்போதெல்லாம் கைப்பேசியைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். ஆறு வருடம் வெயிலிலும் மழையிலும் தீட்டியதை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தெரிந்தேதான் செய்தாயா என்று. ஆமாம். ஏணியை எடுத்தது நான். பாதையை அடைத்ததும் நான். தேடியவர்களை ஆற்றுக்கு அனுப்பியதும் நான். அவள் சாகும்வரை அங்கே விட்டுவைத்ததும் நான்தான். இதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். லிடியாவிடமும் மறைக்க வேண்டாம்.

ஆனால் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம். அது நடக்க முடியாத காரியம். குழிக்குள்ளிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற குரலைக் கேட்டுவிட்டுத் திரும்பி நடந்துபோகிற குணம், எங்கள் வீட்டு இரத்தத்திலேயே கிடையாது.